ஏரியின் அடியில் கிடக்கும் பழைய பாக்கி

ஸ்வீடன் நாட்டின் தெற்கில் வெக்ஷோ என்று ஓர் ஊர். செடிகொடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் பள்ளிக்கூடம் போன ஊர் அது. ஊரை ஒட்டி ட்ரும்மன் என்ற ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். அந்நாளில் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். இறங்கி நின்றால் இடுப்பளவு வரும். 1930களிலிருந்து ஊர்க் கழிவுநீர் அந்த ஏரிக்குள் போனது. 1940களில் ஆளிச்செடி நார் ஆலை ஒன்றின் கழிவும் சேர்ந்துகொண்டது. ஏரி பச்சையாகி நாற்றமெடுத்தது. 1950களின் கடைசியில் ஊர் விழித்துக்கொண்டு இரண்டையும் நிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் பத்து வருஷம் ஓடியது. ஏரியில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் நீலப்பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்தது. கையை விட்டால் கை தெரியாத தண்ணீர். பனி மூடிய குளிர்காலத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீன்கள் செத்தன. குழாயை அடைத்தாயிற்று, ஏரி மட்டும் பழையபடியே கிடந்தது.

இந்தக் கதையை இந்த இதழில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதமாக ஓடும் கேள்வியும் இதுவேதான். பின்னால் இருக்கும் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்த கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஏன் பச்சை? இன்னும் ஏன் நாற்றம்? சங்கம் கொடுத்த பங்குப் பணம் வீண்தானா? 'இனிமேல் ஏரிக்கென்று ஒரு பைசா தரமாட்டேன்' என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் பார்ப்பது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும்தான். நான் படித்தது பி.காம்.; வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன். வேதியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கப் படிக்க, இது கணக்குப்பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியக்கூடிய விஷயம் என்று தெரிந்தது.

கணக்கு பாஸ்பரஸுக்கானது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் இருப்பது, டி.ஏ.பி. உர மூட்டையில் இருப்பது, நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது. 1669ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று நம்பி வாளி வாளியாகக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ். அவர் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அந்த வாடையை எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ! இன்றைக்கும் ஊர்க் கழிவுநீரில் வரும் பாஸ்பரஸில் பெரும் பங்கு மனிதக் கழிவிலிருந்துதான். 1946ல் அமெரிக்காவில் டைட் சலவைத் தூள் வந்த பிறகு, பாஸ்பேட் கலந்த சோப்புத்தூள்களும் உலகம் பூராவும் அதோடு சேர்ந்துகொண்டன.

பாசி வளரக் கார்பன் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். கார்பன் காற்றிலிருந்து வரும். நைட்ரஜனும் காற்றில் கொட்டிக் கிடக்கிறது. நீலப்பச்சைப் பாசிகளில் சில அதை நேராகவே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மட்டும் காற்றில் கிடையாது. வெளியிலிருந்து தண்ணீரோடு வந்து சேர்ந்தால்தான் உண்டு. அதனால் பாசியின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் 500 கிலோ ஈரப் பாசியை வளர்க்கும் என்பது ஏரி ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இப்படி உரம் கூடிப்போய் ஏரி கெடுவதைத்தான் யூட்ரோஃபிகேஷன் என்கிறார்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மிகை உணவூட்டம் என்று இருக்கும்.

இதில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. பாசிக்குக் காரணம் கார்பன்தான், பாஸ்பேட்டை விட்டுவிடுங்கள் என்று சோப்புக் கம்பெனிகளின் பக்கம் நின்று வாதாடினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973ல் இதற்கு ஒரு முடிவு கட்டியது. 226 என்று எண் போட்ட ஒரு ஏரி. இடை சிறுத்த உடுக்கை மாதிரி வடிவம். அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறு பாதி பச்சை. அந்தப் படம் பேசிய அளவுக்கு நூறு அறிக்கைகள் பேசியிருக்காது.

கணக்கின் வரவுப் பக்கம் இவ்வளவுதான். செலவுப் பக்கத்தில்தான் சிக்கல். நைட்ரஜன் ஏரியை விட்டுக் காற்றுக்கே திரும்பிப் போகலாம். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. வழிந்தோடும் தண்ணீரோடு வெளியே போக வேண்டும், அல்லது யாராவது மீனாகவோ சேறாகவோ எடுக்க வேண்டும். மிச்சமெல்லாம் செத்த பாசியோடு அடியில் இறங்கிச் சேற்றில் படிந்துவிடும். வருஷா வருஷம் படிந்துகொண்டே போகும். நம் மொழியில் சொன்னால் டெபாசிட். ஆனால் இந்த டெபாசிட்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. எந்த நேரத்திலும், யாரும் கேட்காமலே, எடுத்துக்கொள்ளலாம்.

யார் எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் கிளிஃபோர்ட் மார்டிமர் என்ற ஆங்கிலேயர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஐன்ஸெலே 1930களில் இதன் முனையைப் பிடித்திருந்தார். மார்டிமர் அதை முழுதாக அவிழ்த்தார். இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த வடமேற்குப் பகுதியில் எஸ்த்வெய்ட் என்ற ஏரியின் சேற்றைத் தொட்டிகளில் வைத்து, ஒன்றுக்குக் காற்று கொடுத்து, இன்னொன்றைக் காற்றில்லாமல் மூடிவைத்து, மாதக்கணக்கில் அளந்தார். கட்டுரைகள் வெளிவந்தது 1941லும் 1942லும். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் சேற்றுக்கும் தண்ணீருக்கும் இடையில் என்ன கைமாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அவர் கண்டது இது. சேற்றின் மேல்தோலில் சில மில்லிமீட்டர் கனத்தில் பழுப்பு நிறமாக ஒரு படலம் இருக்கிறது. அதில் இருப்பது துருப்பிடித்த இரும்பு. ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தத் துரு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உண்மையாகவே இரும்புப் பெட்டி! ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அந்த இரும்பு வேறு உருவம் எடுத்துத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பெட்டியே கரைந்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? பாஸ்பேட் மேலே வருகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அடியில் விழுந்து அழுகுகிறது. அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடுகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் பாஸ்பேட் வெளியே வருகிறது. வட்டிக்கு வட்டி போடும் கந்துவட்டிக்காரன் கணக்குதான் இது.

ஆழம் குறைந்த ஏரியில் இது மட்டுமில்லை. காற்றடித்தாலே சேறு கலங்கும். அடியில் மேயும் மீன்கள் கிளறிவிடும். வெயிலில் பாசி மும்முரமாக வளரும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அதிலும் இரும்பின் பிடி தளர்ந்துவிடும். கிளப்பிவிட்டது அப்படியே வெளிச்சம் படும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆழமான ஏரியில் அடியில் வெளியானது அங்கேயே பல மாதம் தங்கும். இடுப்பளவு தண்ணீரில் அதற்கு வழியே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் இரண்டு ஏரிகளைப் பார்க்கலாம்.

முதலாவது சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரி. 1941க்குப் பிறகு ஏரியைச் சுற்றி புறநகர்கள் வளர்ந்தன. அவற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏரிக்குள் தண்ணீரை விட்டன. கவனியுங்கள், விட்டது சுத்திகரித்த தண்ணீர். பார்வைக்குத் தெளிவாக இருக்கும், பாஸ்பரஸ் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1955ல் ஆசிலடோரியா என்ற நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. அங்கிருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன், ஐரோப்பிய ஏரிகள் கெட்டபோது இதே பாசிதான் முதலில் வந்தது என்பதை அறிந்தவர். இப்படியே போனால் ஏரி என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொன்னார். பத்திரிகைகள் 'நாற்ற ஏரி' என்று கேலிப் பெயர் வைத்தன. ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞர் முன்னின்று, எல்லா ஊர்களும் சேர்ந்து ஒரே கழிவுநீர் அமைப்பை உருவாக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார். 1958 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடந்தது. நகரம் ஆதரித்தது, புறநகர்கள் தோற்கடித்தன. எந்தச் சங்கத்திலும் நடப்பதுதானே. செலவு எல்லோருக்கும், லாபம் ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவனுக்கு என்று ஒரு எண்ணம். திட்டத்தைச் சுருக்கிக் கழிவுநீருக்கு மட்டும் என்று அதே செப்டம்பரில் மறுபடி கேட்டார்கள். அப்போது ஜெயித்தது.

1963லிருந்து 1968க்குள் குழாய்களையெல்லாம் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். தண்ணீரில் வெள்ளைத் தட்டை இறக்கி எவ்வளவு ஆழம்வரை தெரிகிறது என்று பார்ப்பது ஏரிக்காரர்களின் வழக்கம். 1963 வாக்கில் ஒரு மீட்டர்தான் தெரிந்தது. 1968ல் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். பிற்பாடு 1976 முதல் டாப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி பெருகிப் பாசியைத் தின்னத் தொடங்கியதும் ஏரி அதற்கு முந்திய எந்த அளவையும்விடத் தெளிந்தது. எட்மண்ட்சன் சொன்னது சொன்னபடி நடந்தது. உலகத்தில் உள்ள பாடப்புத்தகங்களில் எல்லாம் இந்த ஏரி ஏறிவிட்டது. 'குழாயை அடை, ஏரி பிழைக்கும்' என்ற நம்பிக்கை பரவியதில் இந்த வெற்றிக்கு முக்கியமான பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த ஏரியின் சராசரி ஆழம் 33 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் முழுதாகத் தீர்ந்ததே இல்லை. இரும்புப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. கெட்ட காலமும் இருபது வருஷத்தை ஒட்டித்தான்.

இரண்டாவது ஏரி மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், ஈலி என்ற சுரங்க ஊரை ஒட்டிய ஷாகவா. சராசரி ஆழம் ஆறு மீட்டருக்கும் குறைவு. பல தலைமுறையாக ஊர்க் கழிவு அதற்குள் போனது. 1973ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை பாஸ்பரஸைப் பிரித்தெடுப்பதற்கென்றே அங்கே ஒரு நிலையம் கட்டியது. ஏரிக்கு வரும் பாஸ்பரஸ் சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஏரியின் தண்ணீர் ஒரு வருஷத்துக்குள் முழுதாக மாறிவிடும் என்பதால், சில வருஷங்களில் தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். வசந்த காலத்தில் அளந்தால் பாஸ்பரஸ் நன்றாகவே குறைந்திருந்தது. கோடை நடுவில் அளந்தால் மறுபடி ஏறியிருந்தது. வெளியிலிருந்து வராத பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? சேற்றிலிருந்துதான். கணக்குப் போட்டவர்கள் திறமைக் குறைவானவர்கள் இல்லை. புது வரவை அவர்கள் சரியாகத்தான் கணக்கிட்டார்கள். பழைய இருப்பு இவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதுதான் கணக்கில் வரவில்லை.

இப்போது ட்ரும்மனுக்குத் திரும்பலாம். அங்கே லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் தலைமையில் ஒரு குழு 1960களின் கடைசியில் சேற்றைக் குழாய் போட்டுத் தூண் தூணாக எடுத்துப் பார்த்தது. மேலே சுமார் நாற்பது சென்டிமீட்டர் கருப்புச் சேறு. அதற்குக் கீழே பழுப்புச் சேறு, கழிவுநீர் வருவதற்கு முந்தைய காலத்தது. கருப்பு எங்கே முடிகிறது, பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே ஊரார் எப்போது கழிவுநீர் விடத் தொடங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு சுத்தமான லெட்ஜரைப் பார்த்திருக்க மாட்டார்.

அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. 1970 கோடையில் ஏரி முழுக்க அரை மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். 1971ல் இன்னும் அரை மீட்டர். சேற்றுக் குழம்பைக் கரையில் கட்டிய தொட்டிகளில் தேக்கித் தெளியவைத்தார்கள். தெளிந்த தண்ணீரில் பாஸ்பரஸ் இருக்குமே, அதை அப்படியே ஏரிக்குள் விட்டால் செய்த வேலை வீணாகிவிடும் என்பதால், அலுமினியம் சல்பேட் போட்டு பாஸ்பரஸை வீழ்த்திய பிறகே திரும்பவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த சேறு ஊர்ப் பூங்காக்களுக்கும் புல்வெளிகளுக்கும் மேல்மண்ணாகப் போனது.

ஏரித் தண்ணீரில் பாஸ்பரஸ் மளமளவென்று இறங்கியது. கால் மீட்டர்கூடத் தெரியாத தண்ணீரில் முக்கால் மீட்டர்வரை தெரிந்தது. வாஷிங்டன் ஏரியின் கண்ணாடித் தெளிவு வரவில்லை. இடுப்பளவு ஏரியில் அது வரவும் வராது. ஆனாலும் மக்கள் குளித்தார்கள், மீன் பிடித்தார்கள். சில வருஷம் கழித்து மறுபடி பாசி கொஞ்சம் தலைதூக்கியபோது, அடியில் கிளறும் கெண்டை இன மீன்களை வலைபோட்டுக் குறைத்தார்கள். பராமரிப்பு முடியவில்லை, சுமை குறைந்தது.

சேற்றை எடுக்காமல் அங்கேயே கட்டிப்போடவும் ஒரு வழி இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் நம் பாட்டிகள் படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றுவார்களே, அதன் நெருங்கிய உறவுதான் மேலே சொன்ன அலுமினியம் சல்பேட். 1968ல் ஸ்வீடனில் லோங்ஷோன் என்ற ஏரியில் இதை ஏரி முழுவதற்கும் போட்டுப் பார்த்தார்கள். இரும்பைப் போல அலுமினியம் ஆக்சிஜன் போனதும் கைவிட்டுவிடாது. ஆனால் புதுச் சேறு மேலே படியப் படியப் பலன் தேயும். இதற்கும் சாட்சி சியாட்டிலிலேயே இருக்கிறது. வாஷிங்டன் ஏரிக்குப் பக்கத்திலேயே கிரீன் லேக் என்று ஆழமில்லாத சின்ன ஏரி. அதற்கு 1991ல் ஒரு முறை, 2004ல் ஒரு முறை, 2016ல் ஒரு முறை என்று மூன்று தடவை மருந்து போட்டிருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே மாநகராட்சி. ஆழமான ஏரி தானே தேறிவிட்டது, ஆழமில்லாதது இன்றுவரை வைத்தியத்தில் இருக்கிறது.

நம் ஏரி இந்த இரண்டில் எந்த ஜாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இரண்டு வருஷத்தில் தெளியவில்லை என்பது திட்டம் தோற்றதற்கு அடையாளம் இல்லை. பல நாடுகளின் 35 ஏரிகளை ஒப்பிட்டு 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வரத்தைக் குறைத்த பிறகு ஏரியின் பாஸ்பரஸ் புது நிலைக்கு வரப் பெரும்பாலும் 10 முதல் 15 வருஷம் ஆகிறது என்கிறது. குழாயை அடைத்திராவிட்டால் இந்தக் கடிகாரம் ஓடவே தொடங்கியிருக்காது.

ஒரு விஷயத்தில் நம் முன்னோர் ஸ்வீடன்காரர்களுக்கு முன்னோடி. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டி கட்டி ஏற்றிப்போய் வயலில் கொட்டினார்கள். குடிமராமத்தில் தூர்வாருவதும் கரை போடுவதும் ஊரார் வேலை. பாஸ்பரஸ் என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஏரியில் சேர்ந்ததை வருஷா வருஷம் எடுத்து நிலத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். நகரத்து ஏரியின் சேற்றை இன்றைக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வயலில் கொட்ட முடியாது. கழிவுநீரோடு ஈயமும் குரோமியமும் வந்திருக்கலாம். பரிசோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

நம் வளாகத்தின் எஸ்.டி.பி. பற்றியும் ஒரு வார்த்தை. அதிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஏரிக்கு விட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். சியாட்டில் புறநகர்கள் விட்டதும் தெளிந்த தண்ணீர்தான். தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் விடுவோம். செடிக்கு அந்த பாஸ்பரஸ் உரம்; ஏரிக்குப் போனால் அது இன்னொரு டெபாசிட்.

அடுத்த பொதுக்குழுவில் ஏரியைத் தூர்வாரக் கோரும் மனுவில் கையெழுத்து வாங்கப்போகிறார்கள். அதில் மூன்று விஷயம் சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். தூர்வாருவதற்கு முன் நாலைந்து இடத்தில் சேற்றைத் தூணாக எடுத்து, கருப்புச் சேறு எவ்வளவு ஆழம் போகிறது, அதில் பாஸ்பரஸும் கன உலோகங்களும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைக்கக் கூடாது. முதல் மழையிலேயே உள்ளே போய்விடும். தூர்வாரும் ஒப்பந்தம் கன மீட்டர் கணக்கில் மட்டும் இல்லாமல், அந்தக் கருப்பு அடுக்கு ஏரி முழுக்க நீங்கியதா என்று பார்த்த பிறகு பில் பாஸ் ஆகும்படி இருக்க வேண்டும். மூன்றாவதைச் சேர்க்கச் செயலாளர் கொஞ்சம் தயங்குகிறார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேளுங்கள்.